பத்திரத்தின் பின்பக்கம்

அப்பா 2007-ல் தவறினார். காரியம் முடிந்த மறுநாள் அம்மாவும் நானும் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்து எல்ஐசி பத்திரத்தைத் தேடினோம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஐசிஎஃப்பில், வேலை பார்த்தவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பாலிசி. 1978-ல், தன் 35-வது வயதில், 50,000 ரூபாய்க்கு எடுத்த முழு ஆயுள் பாலிசி. பிரீமியத்தை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஓய்வு பெறும்வரை கட்டினால் போதும், அதன் பிறகு காப்பீடு மட்டும் கடைசிவரை தொடரும். பெட்டியில் வீட்டுப் பத்திரம் இருந்தது, எங்கள் ஜாதகங்கள் இருந்தன, 1980-களின் கரண்ட் பில்கள்கூட நூல் போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எல்ஐசி பத்திரம் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காக்கி உறை. உள்ளே ஒரே மாதிரியான கடிதங்கள், ஆறு மாதத்துக்கு ஒன்று வீதம். முதல் இரண்டு மூன்றைத்தான் அப்பா பிரித்திருந்தார். மற்றதெல்லாம் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன.

கிளை அலுவலகத்தில் ஒரு அம்மையார் உள்ளே போய் அப்பாவின் கோப்பை எடுத்து வந்தார். பத்திரம் அதற்குள் இருந்தது. நல்ல கெட்டித் தாள், மடிப்பில் மட்டும் நைந்திருந்தது. முன்பக்கம் அப்பாவின் பெயர், பிறந்த தேதி, நாமினியாக அம்மாவின் பெயர். அவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். 1993-ல் 12,000 ரூபாய் கடன், வட்டி 10.5 சதவீதம், கீழே அப்பாவின் கையெழுத்து. அந்த ‘ந’வை அவர் எப்போதும் கொஞ்சம் சாய்த்துத்தான் போடுவார்.

“வட்டி ஒரு தடவைகூட கட்டலையேம்மா” என்றார் அந்த அம்மையார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது.

1993 சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். வில்லிவாக்கம் வீட்டில் கிணறு வற்றி, போர் போட்ட வருஷம் அது. எனக்கு அப்போது 16 வயது. வாசலில் இயந்திரம் நின்றதும், ராத்திரி எட்டு மணிக்குச் சேறும் நீருமாகப் பொங்கியதும், அப்பா ஒரு சொம்பில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்ததும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அந்த 12,000 ரூபாய்க்கு அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி ஏறி, கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறி, 14 வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. காப்பீட்டுத் தொகையும் 29 ஆண்டு போனஸும் சேர்ந்து அம்மாவுக்கு 1,40,000 ரூபாயை ஒட்டி வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்குப் போய், மீதி கைக்கு வந்தது. இதில் அலுவலகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டபோது கொடுத்தார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டார்கள். நாங்கள்தான் பிரிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2003-ல் அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை வங்கியில் ஆறு சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு டெபாசிட் போட்டார். அந்த நேரத்தில் பாலிசிக் கடன் 33,000 சொச்சம். பத்தரை சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்த கடனை அன்றைக்கே அடைத்திருக்கலாம். அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. பட்டறையில் கேஜ் வைத்து அளந்து வேலை செய்தவர். யாரும் வந்து கேட்காத கடன் என்பதால் அது அவர் மனதிலிருந்தே இறங்கிப் போயிருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. மூன்று வருஷமாக ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் பிரீமியம் கட்டுகிற ஒரு பாலிசி வைத்திருக்கிறான். போன வருஷம் வீட்டு அட்வான்ஸுக்காக அவசரமாக இரண்டு லட்சம் தேவைப்பட்டது. என்னிடம் வந்து உட்கார்ந்து, பேச ஆரம்பிக்கும்போதே முகம் வாடியிருந்தது.

“அக்கா, இது நமக்கு நாமே நடத்துற பேங்க் மாதிரின்னு சொன்னாங்க. எப்ப வேணா கடன் எடுத்துக்கலாம், வட்டியும் நமக்கே வந்துடும்னு சொன்னாங்க.”

“வட்டி யாருக்குடா போகுது? ரசீதுல யார் பேரு போட்டிருக்கு பாரு.”

அவன் பார்த்தான். நிறுவனத்தின் பெயர் இருந்தது.

விற்றவர் யார், எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் முழு ஆயுள் பாலிசியை வைத்து ஒருவர் தனக்கே வங்கி போல் செயல்படலாம் என்ற வழக்கம் பல வருஷமாக உண்டு. அங்கே இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பாலிசிதாரர்களே உரிமையாளர்களாக இருக்கும் மியூச்சுவல் நிறுவனங்களின் பாலிசியை எடுக்கிறார்கள். அடிப்படைப் பிரீமியத்துக்கு மேல் கூடுதலாகப் பணம் கட்டி, அதற்கு உடனே முழுதும் கட்டித் தீர்ந்த சிறு சிறு கூடுதல் காப்பீடு வாங்கிச் சேர்க்க வழி இருக்கிறது. வருஷாவருஷம் வரும் டிவிடெண்டையும் அப்படியே அதில் போடலாம். அதனால் பாலிசியின் ரொக்க மதிப்பு முதல் சில வருஷங்களிலேயே நன்றாக ஏறும், அதன் மேல் கடன் வாங்கலாம். அதற்கும் எல்லை உண்டு. ரொம்ப வேகமாகப் பணம் கொட்டினால் வரிச் சலுகை போய்விடும் என்று 1988-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அந்த இயந்திரத்தின் முக்கியமான பல் இங்கே பெரும்பாலும் கிடையாது. நம் ஊரில் இம்மாதிரிப் போனஸ் பாலிசிகளில் பொதுவாகக் கூடுதலாகப் பணம் போட்டு ரொக்க மதிப்பை ஏற்ற முடியாது. நமக்குக் கிடைப்பது போனஸ். காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பார்கள். அது பாலிசியில் எழுதப்படும், பிறகு யாரும் பறிக்க முடியாது. ஆனால் அது கைக்கு வருவது முதிர்வில் அல்லது இறப்பில். பெரும்பாலும் அது தனி வட்டி மாதிரி ஏறும், போனஸுக்கு மேல் போனஸ் வராது. இன்றைக்கே பாலிசியை முறித்தால் எழுதி வைத்த போனஸில் ஒரு பகுதி மதிப்புதான் கிடைக்கும்.

தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மூன்று லட்சம் கட்டியிருக்கிறான். பாலிசியை நடுவில் முறித்தால் கட்டாயம் கிடைக்கும் தொகைக்கு உத்தரவாதச் சரண்டர் மதிப்பு என்று பெயர். மூன்றாவது ஆண்டில் அது கட்டிய பிரீமியத்தில் 35 சதவீதம், அதாவது 1,05,000. கடன் அதில் 90 சதவீதம் வரைதான். 94,500 ரூபாய். சிறப்புச் சரண்டர் மதிப்பு என்று இன்னொன்று உண்டு. இரண்டில் எது கூடுதலோ அதைக் கொடுப்பார்கள், அவன் பாலிசியில் அது பெரிய வித்தியாசம் காட்டவில்லை. 2024 அக்டோபரிலிருந்து விதிகள் மாறி, புதிதாக விற்கும் பாலிசிகளில் முதல் வருஷம் முடிந்தாலே ஓரளவு சரண்டர் மதிப்பு வருகிறது. இவனுடையது அதற்கு முந்தையது. மூன்று லட்சத்தைத் தபால் ஆபீஸ் ஆர்டியில் போட்டிருந்தால் மூன்று லட்சமும் வட்டியும் இருந்திருக்கும்.

அதைவிட என்னை வருத்தியது வேறு. இருபது லட்சத்துக்குச் சற்று முன்பின் காப்பீடு. அவனுடைய இரண்டு வருஷச் சம்பளத்துக்குக்கூட வராது. மனைவி, ஒன்றரை வயதுக் குழந்தை. அவன் இல்லாமல் போனால் குடும்பத்துக்கு என்ன என்ற கேள்விக்கு விடை தேடத்தான் காப்பீடு. அதைப் பற்றி யாரும் அவனிடம் பேசவில்லை. வங்கி, வட்டி, செல்வம் என்றே பேசியிருக்கிறார்கள். இம்மாதிரி நீண்ட காலப் பாலிசிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில் ஒரு பெரிய பங்கு முகவருக்குக் கமிஷனாகப் போவது பல காலமாக உள்ள நடைமுறை. முகவர்கள் எல்லோரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, அப்பா மாதிரி எத்தனையோ பேரை இழுத்துப் பிடித்துச் சேமிக்க வைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் கடன் வசதியைக் காட்டிப் பாலிசி விற்பது தவறு. அதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நானும் பாலிசிக் கடன் வாங்குகிறேன். 2019-லிருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு வருஷமும் வாங்குகிறேன்.

வில்லிவாக்கத்தில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. இரண்டு பேர் நிரந்தரம். மார்ச்சிலிருந்து ஜூன்வரை எட்டுப் பேர். ஒரு கட்டிங் மாஸ்டர், ஐந்து தையல், காஜாவுக்கும் பட்டனுக்கும் இரண்டு பெண்கள். எங்கள் தொழிலில் பணம் வருஷம் முழுக்கச் சீராக ஓடாது. மார்ச் கடைசியில் துணி எடுக்க வேண்டும். ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும், சீருடை போகும். பள்ளிகளிலிருந்து பணம் முழுசாகக் கைக்கு வர ஜூலை, சில இடங்களில் ஆகஸ்ட். நடுவில் நான்கைந்து மாதம் துணிக்கும் கூலிக்கும் நம் கைப்பணம்தான்.

பாரிமுனையில் கோடவுன் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். குறுகலான சந்து, தலைமேல் துணி மூட்டையோடு ஆட்கள் “சைடு, சைடு” என்று கத்திக்கொண்டே வருவார்கள். மொத்தக் கடையில் உட்கார்ந்தால் ஒரே துணிக்கு இரண்டு விலை. ரொக்கத்துக்கு ஒன்று, அறுபது நாள் கடனுக்கு ஒன்று. மீட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம் வரும். ஆயிரம் மீட்டருக்கு மேல் எடுக்கிறவளுக்கு அது சின்னப் பணம் இல்லை. கடனுக்கு எடுத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் காட்டும் ஷேடைத்தான் எடுக்க வேண்டும். போன வருஷ நீலமும் இந்த வருஷ நீலமும் ஒன்றாக இல்லாவிட்டால் பெற்றோர் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். ரொக்கம் வைத்திருந்தால் “இந்த ரோல் வேண்டாம்ணே, அதைப் பிரிங்க” என்று சொல்லலாம்.

ஆரம்பத்தில் இந்தப் பணத்தை நூற்றுக்கு மூணு வட்டிக்கு வாங்கினேன். இரண்டு லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம், ஐந்து மாதத்துக்கு முப்பதாயிரம். என் வருஷ லாபத்தில் ஒரு பெரிய துண்டு அது. அப்புறம் நகையை அடகு வைத்தேன். வட்டி குறைந்தது, ஆனால் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வெறும் கழுத்தோடு நிற்க வேண்டியிருந்தது. இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டும் போட்டிருந்தேன். சீட்டு நல்ல ஏற்பாடு, பதிவு செய்த சீட்டாக இருந்தால். 1982-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளும் கமிஷனுக்கு உச்ச வரம்பு இருக்கிறது. என் கஷ்டம் என்னவென்றால், மார்ச்சில் எனக்கு மட்டுமா பணம் வேண்டும்? பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர், கல்யாணம் வைத்திருக்கிறவர் எல்லோரும் அந்த மாத ஏலத்துக்குத்தான் வருவார்கள். தள்ளு ஏறிக்கொண்டே போகும். ஐம்பதாயிரம் தள்ளி ஒன்றரை லட்சத்தை எடுத்து வந்த வருஷமும் உண்டு.

2019-ல்தான் என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். 2004-ல் ஐந்து லட்சத்துக்குப் போட்ட ஜீவன் ஆனந்த். 25 வருஷம் பிரீமியம். முதிர்வில் தொகையும் போனஸும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஐந்து லட்சம் காப்பீடு ஆயுள் முழுக்க இருக்கும். பாதி எண்டோமென்ட், அதாவது குறித்த காலம் முடிந்ததும் தொகை தரும் பாலிசி, பாதி முழு ஆயுள் என்று சொல்லலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 22,000 ரூபாய். பதினைந்து வருஷம் கட்டியாகிவிட்டது. கிளையில் கேட்டேன். சரண்டர் மதிப்பு 2,80,000-ஐ ஒட்டி இருந்தது. இரண்டரை லட்சம்வரை கடன் தரலாம் என்றார்கள். வட்டி 9.5 சதவீதம். விண்ணப்பம், பத்திரத்தின் மூலம், வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தால் போதும். எதற்குக் கடன் என்று கேட்கவில்லை. சம்பளச் சீட்டு, ஜாமீன் எதுவும் கேட்கவில்லை. பணம் சில நாளில் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது.

பத்திரத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது எனக்குக் கை நின்றுவிட்டது. அதே பின்பக்கம். அப்பாவின் சாய்ந்த ‘ந’ கண்ணுக்குள் வந்து நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்த அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: “ஆகஸ்ட் 31.” அதன் பிறகு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தேதியை எனக்கு யாரும் வைக்கவில்லை. பாலிசிக் கடனில் அசலுக்குக் கெடு கிடையாது. மாதத் தவணை இல்லை. வசதிப்பட்டபோது கொஞ்சம் கொஞ்சமாகவும் கட்டலாம், வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வரலாம், ஒன்றுமே கட்டாமலும் இருக்கலாம். கட்டாமல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலில் சேரும். என்றைக்காவது கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டினால் பாலிசியையே முடித்துக் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ள நேரலாம். அதுவரை வீட்டு வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த நிம்மதியும் அந்த ஆபத்தும் வேறு வேறு இடத்திலிருந்து வரவில்லை. கெடு இல்லாத கடனுக்குக் கெடுவை வாங்குகிறவர்தான் வைக்க வேண்டும். அப்பா வைக்கவில்லை.

இந்தக் கடன் ‘நம் பணத்தை நாமே எடுப்பது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நிறுவனம் தன் பணத்தைக் கடனாகத் தருகிறது, என் பாலிசி ஈடாக நிற்கிறது. அதனால்தான் ஒரு நன்மையும் உண்டு. கடன் இருக்கும்போதும் போனஸ் முழுக் காப்பீட்டுத் தொகைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். பாலிசி எங்கேயும் உடையவில்லை. நாமினியும் ரத்தாவதில்லை, கடன் போக மீதி நாமினிக்கு வரும். அம்மாவுக்கு வந்தது அப்படித்தான்.

ஆனால் கணக்கு கணக்குதான். இம்மாதிரிப் பாலிசியில் நீண்ட காலத்துக்கு ஐந்து, ஆறு சதவீதம் விளைந்தால் அதிகம். கடனுக்குக் கொடுப்பது ஒன்பதரை. இடையில் உள்ள மூன்றரை, நான்கரை சதவீதம் நான் கொடுக்கும் விலை. வங்கி டெபாசிட் வைத்திருப்பவர் அதன் மேல் கடன் வாங்கினால், டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். அந்த வகையில் அதுதான் மலிவு. பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வருஷத்திலிருந்து ஆறாவது வருஷம்வரை ஒரு கடன் வசதி உண்டு, அது இன்னும் மலிவு. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பாலிசியின் மேல் வாங்குகிறேன். ஏற்கெனவே பதினைந்து வருஷம் கட்டிவிட்ட பாலிசி என்னிடம் இருந்தது. அதைப் பயன்படுத்துகிறேன், அவ்வளவுதான். கடன் வாங்குவதற்காக இன்றைக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுக்க மாட்டேன். எடுத்தால் உருப்படியான கடன் கிடைக்கவே பத்து வருஷம் ஆகும்.

டெபாசிட்டாக இருந்திருந்தால் நான் எப்போதோ உடைத்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வெள்ளை அடிக்க, மகள் கேட்ட ஸ்கூட்டிக்கு என்று ஏதாவது ஒரு காரணம் வந்திருக்கும். பாலிசியை உடைத்தால் நஷ்டம் என்பதால் கை போகவில்லை. சேமிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது, சதவீதத்தில் அது தெரியாது.

2019-ல் இரண்டு லட்சம் வாங்கினேன். ஆகஸ்ட் 27-ல் அடைத்தேன். முழு ஆறு மாத வட்டியே என்று வைத்தாலும் 9,500 ரூபாய். மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் முப்பதாயிரம். ரொக்க விலையில் மிச்சமானதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வருஷத்து வட்டி கிட்டத்தட்ட இல்லை என்றே ஆனது.

அடுத்த வருஷம் அதே தைரியத்தில் மார்ச் முதல் வாரத்திலேயே இரண்டு லட்சம் வாங்கித் துணி எடுத்துவிட்டேன். மார்ச் நடுவில் பள்ளிகளை மூடினார்கள்.

அந்தத் துணி ரோல்கள் யூனிட்டின் கிழக்குச் சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தன. எலி வராமல் கற்பூர உருண்டை போட்டு, பிளாஸ்டிக் சுற்றி வைத்தேன். ஜூன் வந்தது, பள்ளி திறக்கவில்லை. அடுத்த ஜூனும் வந்தது. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்கு 2021 செப்டம்பரில்தான் நிலையாகப் பள்ளி திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1. என் வியாபாரம் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுடையது. தெரு முனையில் இன்னொரு தையல் யூனிட் வைத்திருந்தவர் இயந்திரங்களைத் தனியார் ஃபைனான்ஸில் தவணைக்கு எடுத்திருந்தார். ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பு 2020 ஆகஸ்டோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தினம் ஃபோன். ஒருநாள் ஓவர்லாக் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

எனக்கு ஃபோன் வரவில்லை. ஆகஸ்ட் 31 என்று நான் எழுதிய கெடுவும் தாண்டிப் போயிற்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பணமில்லை என்ற பயத்தைவிட, யாரும் கேட்கவில்லை என்பதே பெரிய பயமாக இருந்தது. செப்டம்பரில் வட்டிக் கடிதம் வந்தது. அம்மா அதை வாங்கிக்கொண்டு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “பிரி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முகக்கவசம் தைத்து வந்த பணத்திலிருந்து 9,500 ரூபாய் கட்டினேன். 2021 மார்ச்சில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை, 2022 மார்ச்சில் ஒருமுறை. நான்கு தடவை, மொத்தம் 38,000. ஒன்றும் கட்டாமல் விட்டிருந்தாலும் அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு லட்சம் 2,40,800 ஆகியிருக்கும், வித்தியாசம் மூவாயிரத்துக்கும் கீழேதான். ஆனால் அந்த நான்கு ரசீதுகளும் எனக்குப் பெரியவை. அப்பாவின் உறையில் அப்படி ஒரு ரசீதுகூட இல்லை. 2022 ஜூனில் பள்ளிகள் முழுசாகத் திறந்தன. சுவரோரம் இருந்த துணி எல்லாம் போயிற்று. ஜூலையில் அசலைக் கட்டி முடித்தேன். பத்திரம் கைக்கு வந்தது.

அண்ணா சாலை வழியாகப் போகும்போது எல்ஐசி கட்டடத்தைப் பார்த்தால் இதெல்லாம் நினைவுக்கு வரும். 1959-ல் திறந்தார்கள், அப்போது நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. தன் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கினார். கட்டி முடிவதைப் பார்க்கவில்லை. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, 245 நிறுவனங்கள் ஒன்றாகி எல்ஐசி ஆயின. வங்கியையும் காப்பீட்டையும் ஒரே கையால் கட்டிய மனிதர்கூட அவற்றை இரண்டு தனித்தனி நிறுவனங்களாகத்தான் வைத்திருந்தார் என்று தம்பியிடம் சொன்னேன்.

அவன் முதலில் ஒரு கோடிக்குத் தனியாக டேர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு இல்லாத வெறும் உயிர்க்காப்பு, எடுத்தான். அதைச் செய்த பிறகுதான் பழையதைப் பற்றிப் பேசவே உட்கார்ந்தோம். கட்டியதை விட்டுவிடாமல், மேற்கொண்டு பிரீமியம் கட்டுவதை நிறுத்தி, குறைந்த தொகைக்குப் பெய்ட்-அப் ஆக வைத்துக்கொள்வதா, தொடர்வதா என்று கணக்குப் போட்டான். பெய்ட்-அப் ஆக்குவது என்று முடிவு செய்தான். வீட்டு அட்வான்ஸுக்கு நான் ஒரு லட்சம் கொடுத்தேன். 94,500 பாலிசியின் மேல் வாங்கினான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எந்தத் தேதியில் அடைப்பான் என்று எழுதச் சொன்னேன். ஃபோனில் குறித்துக்கொள்கிறேன் என்றான். வேண்டாம், தாளில் எழுது என்றேன். டிசம்பர் 15 என்று எழுதினான். டிசம்பர் 11 அன்றே கட்டிவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

என் பாலிசி 2029-ல் முதிர்கிறது. இந்த மார்ச்சிலும் ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறேன். பத்திரம் கிளை அலுவலகத்தில் இருக்கிறது. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பழைய தேதிகளுக்குக் கீழே, புதிய தேதி இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 76 வயது, கண் சரியாகத் தெரிவதில்லை. வாசலில் தபால்காரர் மணி அடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வாங்கிவிட்டு, உறையை விரலால் தடவிப் பார்த்துக் கேட்கிறார்: “ஜன்னல் வச்ச கவர் மாதிரி இருக்கே. உன்னுதாம்மா? பிரி.”